பாட்டில்நெக்கும் ஆறு நொதிகளும்

(டிஸ்கி: இந்தப் பதிவில் கணக்கு வரும். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும், ஓடிடாதீங்க. உயிரியலும் வரும், அதுவும் பன்னிரண்டாம் வகுப்பு அளவுக்குத்தான். கடைசியில் கொஞ்சம் ஆபீஸ் புலம்பல். உண்மையைச் சொன்னா அந்தப் புலம்பலுக்காகத்தான் மற்ற ரெண்டும்.)

போன மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, தங்கச்சி லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு என் ரூமுக்கு வந்தா. எம்.எஸ்சி. பயோடெக் படிக்கிறா. பொதுவா என்கிட்ட உதவின்னு கேக்குற ஆள் இல்லை.

"அண்ணா, என் புரோகிராம்ல ஒரு பக் இருக்கு. கண்டுபிடிச்சுக் குடு."

அசைன்மெண்ட் இதுதான். ஒரு செல்லுக்குள்ள ஒரு பொருள் ஆறு படிகளைத் தாண்டி இன்னொரு பொருளா மாறுது. ஒவ்வொரு படியையும் ஒரு நொதி (அதாங்க, என்சைம்) செய்யுது. அஞ்சு நொதி ஒரே வேகத் திறன். ஒண்ணு மட்டும் மத்ததைவிட அஞ்சு மடங்கு மந்தம். இந்த மந்தமான ஆளோட அளவை ரெண்டு மடங்காக்கினா, கடைசியில வர்ற உற்பத்தி எவ்வளவு ஏறும்?

"அதுதானே ரேட் லிமிட்டிங் ஸ்டெப்? அப்ப உற்பத்தியும் ரெண்டு மடங்காகணும் இல்ல? ஆனா 33 சதவீதம்தான் ஏறுது. பத்து மடங்காக்கினாக்கூட 82 சதவீதத்துல நின்னுடுது. எங்கேயோ தப்பு."

பக்குன்னு சொன்னா விடுவோமா? ரெண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாப் பார்த்தேன். லூப் சரி. சமன்பாடு சரி. ஆரம்ப மதிப்புகள் சரி. காலக்கூறைச் சின்னதாக்கிப் பார்த்தேன், அதே விடை. கடைசியில பேப்பர் பேனா எடுத்துக் கையால கணக்குப் போட்டேன். 33 சதவீதம்!

பக் புரோகிராம்ல இல்லை. எங்க ரெண்டு பேர் தலைக்குள்ள இருந்துச்சு.

அந்த விடையைப் பார்த்ததும் எனக்கு முதல்ல ஞாபகம் வந்தது உயிரியல் இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் போட்ட ஒரு பார் சார்ட்டும், அதனால வேலையை விட்டுப் போன ஒரு மனுஷனும்தான். அவர் கதைக்குக் கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி இந்த 33 எப்படி வந்ததுன்னு பார்த்துடுவோம்.

*

முதல்ல ஒரு விஷயம். "நிலையான நிலை" என்று பாடப்புத்தகம் சொல்லும் ஸ்டெடி ஸ்டேட் வேறு, சமநிலை வேறு. மூடி வைத்த பாட்டிலுக்குள் எதுவும் நடக்காமல் எல்லாம் அடங்கிப் போனால் அது சமநிலை. உயிருள்ள எதுவும் அப்படி இருக்காது. அப்படி ஆயிடுச்சுன்னா ஊருக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

அபார்ட்மெண்ட் மொட்டை மாடித் தண்ணித் தொட்டியை நினைச்சுக்கோங்க. கீழேருந்து மோட்டார் ஏத்துது. மேலேருந்து பத்து வீட்டுக் குழாய் இறக்குது. ஏறுறதும் இறங்குறதும் ஒரே அளவா இருந்தா தொட்டியில மட்டம் அசையாது. வெளியிலிருந்து பார்த்தா தண்ணி சும்மா நிக்கிற மாதிரி இருக்கும். ஆனா ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி இருந்த தண்ணி இப்ப அதுல இல்லை. இதுதான் ஸ்டெடி ஸ்டேட்.

நம்ம ரத்தச் சர்க்கரையை எடுத்துக்கோங்க. வெறும் வயிற்றில் 90 மில்லிகிராம்னு ரிப்போர்ட் வருதே, அது ஒரு டெசிலிட்டருக்கு. உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம், அதாவது 50 டெசிலிட்டர். பெருக்கினா மொத்தமே நாலரை கிராம். ஒரு டீஸ்பூன் சர்க்கரை, அவ்வளவுதான்! ஆனா மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் அளவுக்குக் குளுக்கோஸ் சாப்பிடுது, அதாவது மணிக்கு 5 கிராம். கல்லீரல் ஒரு பக்கம் ஊத்திக்கிட்டே இருக்கலைன்னா, ஒரு மணி நேரத்துல மூளை மொத்தத்தையும் காலி பண்ணிடும். அந்த "90" என்பது ஒரு பொருளின் அளவு மட்டும் இல்லை. ஒரு வரவுக்கும் செலவுக்கும் நடுவில் நடக்கும் பஞ்சாயத்தின் தீர்ப்பு.

சிவப்பணுவும் அப்படித்தான். ஒவ்வொண்ணுக்கும் சுமார் 120 நாள் ஆயுள். நொடிக்குச் சுமார் 20 லட்சம் சாகுது, அதே அளவு பிறக்குது. ஹீமோகுளோபின் ரிப்போர்ட் மட்டும் போன வருஷம் மாதிரியே வருது.

*

இப்ப ஆறு நொதிச் சங்கிலிக்கு வருவோம்.

ஒரு படியில் உருவாவது அடுத்த படிக்கு மூலப்பொருள். நடுவில் எதுவும் குவியவும் இல்லை, வற்றவும் இல்லை என்றால்தான் அது ஸ்டெடி ஸ்டேட். அப்படின்னா முதல் படியில் நொடிக்கு எத்தனை மூலக்கூறு போகுதோ, அதே அளவுதான் ரெண்டாவதிலும், ஆறாவதிலும் போகணும். வேற வழியே இல்லை.

அதாவது, ஆறு படியும் ஒரே வேகத்துல ஓடுது!

அப்ப "எந்தப் படி மெதுவானது?" என்ற கேள்விக்கு என்ன அர்த்தம்? நம்ம எலெக்ட்ரிகல் மக்களுக்கு உடனே புரியும். சீரியஸ்ல ஆறு ரெசிஸ்டர் போட்டுட்டு, எந்த ரெசிஸ்டர்ல கரண்ட் கம்மின்னு வைவால கேட்டா என்ன சொல்வீங்க? "சார், எல்லாத்துலயும் ஒரே கரண்ட்தான் சார்." அவ்வளவுதான் விஷயம்.

ஆனா பள்ளிக்கூடத்துல நாம படிச்சது வேற. ஒளிச்சேர்க்கைப் பாடத்தில் ப்ளாக்மேன் விதி ஞாபகம் இருக்கா? 1905-இல் சொன்னது. பல காரணிகள் சேர்ந்து நடத்தும் ஒரு செயலின் வேகத்தை, அவற்றில் மிக மெதுவான காரணி தீர்மானிக்கும் என்பது அதன் சாரம். பயோ-மேத்ஸ் குரூப்புல ரெண்டு மார்க் கேள்விக்கு நானும் மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கேன். அதிலிருந்து கிளம்பி, ஒவ்வொரு வளர்சிதை மாற்றப் பாதையிலும் ஒரு "ரேட் லிமிட்டிங் நொதி" இருக்கும், அதைக் கண்டுபிடிச்சா பாதையே நம்ம கையிலன்னு உயிர்வேதியியல் ரொம்ப வருஷம் நம்பிக்கிட்டு இருந்தது.

அந்த நம்பிக்கையை ரெண்டு ஜோடிகள் உடைச்சாங்க. 1973-இல் எடின்பரோவில் ஹென்ரிக் காக்ஸர், ஜிம் பர்ன்ஸ். 1974-இல் கிழக்கு பெர்லினில் ரைன்ஹார்ட் ஹைன்ரிக், டாம் ராபபோர்ட். பெர்லின் சுவர் நின்ற காலம். சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் தனித்தனியா உட்கார்ந்து கிட்டத்தட்ட ஒரே கணக்கைப் போட்டிருக்காங்க. சொற்களும் குறியீடுகளும் மட்டும் வேற வேற. 1985-இல்தான் எல்லாரும் சேர்ந்து பொதுவான சொற்களுக்கு ஒத்துக்கிட்டாங்க.

அவங்க செஞ்சது கேள்வியை மாத்தினது. "எது மெதுவானது?" என்று கேட்கவில்லை. "இந்த நொதியை 1 சதவீதம் கூட்டினா, எல்லாம் மறுபடி நிலைக்கு வந்த பிறகு, மொத்த ஓட்டம் எத்தனை சதவீதம் மாறும்?" என்று கேட்டார்கள். அந்த விடைக்குக் கட்டுப்பாட்டுக் கெழு என்று பெயர். நான் இங்கே "செல்வாக்கு" என்றே சொல்றேன், வசதியா இருக்கும். 1 சதவீதம் கூட்டி ஓட்டமும் 1 சதவீதம் ஏறினா செல்வாக்கு 1. அசையவே இல்லைன்னா 0.

"நிலைக்கு வந்த பிறகு" என்பதைக் கவனிங்க, அதுலதான் சூட்சுமம். ஒரு நொதியைக் கூட்டினதும் அந்தப் படி சட்டுன்னு வேகமா ஓடும், உண்மைதான். ஆனா அதுக்கு முன்னாடி சேர்ந்து நின்ன மூலப்பொருள் கரைஞ்சிடும், பின்னாடி தள்ளுற கூட்டம் குறையும். முன்னாடி விளைபொருள் குவியும், அது எதிர்த்துத் தள்ளும். கடைசியில் அந்தப் படி கிட்டத்தட்ட பழைய வேகத்துக்கே வந்து சேரும், கொஞ்சம் கூடுதலா.

இனி அவங்க நிரூபிச்ச கூட்டுத்தொகை விதி. மூணு வரியில சொல்லிடலாம். எல்லா நொதியையும் ஒரே நேரத்தில் 1 சதவீதம் கூட்டுங்க. வீடியோவை 1 சதவீதம் வேகமா ஓட்டுற மாதிரி, எல்லாம் அதே விகிதத்துல வேகமாகும். யாரும் யாரையும் முந்தலை, அதனால நடுவுல எதுவும் குவியாது. ஓட்டம் சரியா 1 சதவீதம் ஏறும். ஆக, எல்லா நொதிகளின் செல்வாக்கையும் கூட்டினா விடை 1.

ஆறு நொதி இருந்தாலும் 1. அறுநூறு இருந்தாலும் 1. மொத்தக் கேக்கே ஒண்ணுதான், எல்லாரும் பங்கு போட்டுக்கணும்.

தங்கச்சி கணக்குக்குத் திரும்புவோம். அஞ்சு நொதிக்கும் தலா 1 யூனிட் தடை, மந்தமானதுக்கு 5 யூனிட். மொத்தம் 10. (உண்மையான நொதிகள் இவ்வளவு சாதுவா நடந்துக்காது. இது எளிமைப்படுத்திய மாதிரி. ஆனா கூட்டுத்தொகை விதிக்கு இந்த எளிமை தேவையில்லை.) மந்தமானவரின் செல்வாக்கு பத்துல அஞ்சு, அதாவது 0.5. மத்த அஞ்சு பேருக்கும் தலா 0.1. கூட்டினா 1, சரியா?

மந்தமானதை ரெண்டு மடங்காக்கினா அதன் தடை 2.5 ஆகும். மொத்தம் 7.5. பத்தை ஏழரையால வகுத்தா 1.33, அதுதான் அந்த 33 சதவீதம்! இப்ப அதன் செல்வாக்கு எவ்வளவு? ஏழரையில ரெண்டரை, 0.33. பத்து மடங்காக்கினா தடை 0.5, மொத்தம் 5.5, செல்வாக்கு வெறும் 0.09. இப்ப மத்த அஞ்சு பேரும் தலா 0.18-க்கு உசந்துட்டாங்க. அவங்களை யாரும் தொடவே இல்லை! சும்மா உட்கார்ந்திருந்தவங்களோட செல்வாக்கு, பக்கத்துல ஒருத்தர் மாறினதால மாறிடுச்சு.

நான் சொல்ல வந்ததே இதுதான் மக்களே. செல்வாக்கு அந்த நொதியின் குணம் இல்லை. அது இருக்கும் அமைப்பின் குணம். நொதியைப் பிரிச்சு எடுத்து டெஸ்ட் டியூப்ல வச்சு எவ்வளவு நுணுக்கமா ஆராய்ந்தாலும் அந்த எண் அதுக்குள்ள கிடைக்காது.

*

"இதெல்லாம் பேப்பர்ல சரி, நிஜத்துல?" என்று கேட்பீர்கள். நானும் தங்கச்சிகிட்ட அதைத்தான் கேட்டேன்.

ஈஸ்ட் இருக்கு இல்லையா, நம்ம பேக்கரி ஈஸ்ட். சர்க்கரையை ஆல்கஹாலாக்கும் பாதையில பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்று ஒரு நொதி. பாடப்புத்தகங்களின் செல்லப்பிள்ளை, "இதுதான் இந்தப் பாதையின் கடிவாளம்" என்று பெயரெடுத்தது. 1980-களில் ஜெர்மனியில் அந்த நொதியை ஈஸ்டுக்குள் அதிகமாக உற்பத்தி செய்ய வைத்தார்கள். ஆல்கஹால் உற்பத்தி வேகம் ஏறவில்லை. 1989-இல் வெளியான ஆய்வில் அந்தப் பாதையின் எட்டு நொதிகளை ஒவ்வொன்றாகவும், சிலதைச் சேர்த்தும் கூட்டிப் பார்த்தார்கள். அப்பவும் ஏறவில்லை.

1992-இல் காக்ஸர் குழு அதே ஈஸ்டில் டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலம் தயாராகும் பாதையை எடுத்துக்கிட்டாங்க. அஞ்சு நொதி. தனித்தனியா கூட்டினா பெருசா ஒண்ணும் நடக்கலை. அஞ்சையும் சேர்த்துக் கூட்டினப்பத்தான் ஓட்டம் பல மடங்கு எகிறுச்சு.

எனக்கு ரொம்பப் பிடிச்ச சாட்சி இன்னொண்ணு. மெண்டல் பட்டாணி ஞாபகம் இருக்கா? நெட்டை, குட்டை, ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு. ஒரு நல்ல ஜீன், ஒரு கெட்ட ஜீன் இருந்தா செடி ஏன் முக்கால் உயரமா இல்லாம முழு நெட்டையா வருது? இதுக்கு ஆர்.ஏ. ஃபிஷர் 1928-இல் ஒரு விளக்கம் சொன்னார்: ஓங்குத்தன்மை என்பதே பரிணாமம் மெல்ல மெல்லச் செதுக்கிய ஒன்று. சூவால் ரைட் ஒத்துக்கவில்லை, நொதிகள் வேலை செய்யும் விதத்திலேயே விடை இருக்கு என்று 1934-இல் வாதிட்டார். காக்ஸரும் பர்ன்ஸும் 1981-இல் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு ஜீன் கெட்டா அந்த நொதி பாதியாகும். நூறு சம நொதிகள் உள்ள அமைப்பில் ஒண்ணு பாதியானா, மொத்தத் தடை 100-லிருந்து 101 ஆகும். ஓட்டம் குறைவது 1 சதவீதம்! வெளியே யாருக்குத் தெரியப்போகுது? ஓங்குத்தன்மையைத் தனியாச் செதுக்க வேண்டியதே இல்லை, செல்வாக்கு பகிரப்பட்டிருப்பதால் தானாக வந்துடுது.

ஆனா அதே நொதி பூஜ்யமானா? ஓட்டம் மொத்தமா நின்னுடும். பினைல்கீட்டோனூரியா என்ற பிறவி நோய் அப்படித்தான். அம்மா அப்பா ரெண்டு பேருக்கும் ஒரு ஜீன்தான் கெட்டிருக்கும், நல்லா இருப்பாங்க. குழந்தைக்கு ரெண்டும் கெட்டு வந்தா, உணவுக் கட்டுப்பாடு இல்லாவிட்டால் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

இங்கேதான் நாம எல்லாரும் வழுக்கி விழும் இடம். "இது இல்லைன்னா எல்லாம் நின்னுடுது, அதனால இதுதான் எல்லாத்தையும் கட்டுப்படுத்துது" என்று நினைக்கிறோம். அந்த நூறு நொதியில எதை எடுத்துட்டாலும் எல்லாம் நிக்கும். நூறுமே அத்தியாவசியம். ஒவ்வொண்ணுக்கும் செல்வாக்கு 0.01 தான். அத்தியாவசியம் வேறு, செல்வாக்கு வேறு.

*

சரி, பார் சார்ட் கதை.

எங்க டீம்ல ஒரு அண்ணாச்சி இருந்தார். பேர் வேண்டாம், எல்லாரும் அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவோம். தூத்துக்குடிப் பக்கம். நாங்க எழுதுற கோட் எல்லாம் அவர் ரிவ்யூ தாண்டித்தான் டெஸ்டிங் போகணும். ரிலீஸ் தொடர்ந்து தள்ளிப் போச்சு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "எங்கே அடைச்சிருக்குன்னு டேட்டா எடுத்துக் குடு"ன்னார். எடுத்தேன். ஒரு டிக்கெட் மத்த கட்டங்கள்ல சராசரியா ஒரு நாள் இருந்தா, அண்ணாச்சி மேசையில நாலு நாள் இருந்துச்சு. அஞ்சு நீலக் கம்பி, ஒரு சிவப்புக் கம்பி. சிவப்பு என் ஐடியாதான். பளிச்சுன்னு தெரியட்டுமேன்னு.

"பாட்டில்நெக் கிடைச்சிருச்சு" என்றார் மேனேஜர். "அவர் லீவு போட்டா எல்லாமே நிக்குது பார்த்தியா?" என்று கூடுதல் ஆதாரம் வேற. இப்பப் படிக்கும்போது உங்களுக்கே எங்கே இடிக்குதுன்னு தெரியும். அப்ப எனக்குத் தெரியலை. தலையாட்டினேன்.

அந்த வருஷ அப்ரைசல்ல அண்ணாச்சிக்குக் கடைசி ரேட்டிங். மூணு மாசத்துல பேப்பர் போட்டுட்டார். அவர் இடத்துக்கு ரெண்டு பேரைப் போட்டாங்க. ரிவ்யூ வேகம் ஏறிச்சு. ரிலீஸ்? கிட்டத்தட்ட அதே தேதிக்குத்தான் போச்சு. இப்ப டெஸ்டிங்ல குவிஞ்சுது. அண்ணாச்சி ரிவ்யூல பிடிச்சு நிறுத்தின தப்பெல்லாம் அங்கே போய் இறங்கி, திரும்பி எங்ககிட்டயே வந்துச்சு. அடுத்த காலாண்டு புது பார் சார்ட், புது சிவப்புக் கம்பி, இந்த முறை டெஸ்டிங் லீட். போட்டது நான் இல்லை, ஆனா டெம்ப்ளேட் என்னோடது.

என் டேட்டா தப்பு இல்லை. நாலு நாள் என்பது உண்மை. ஆனா எங்கே குவியுது என்பதை அளந்துட்டு, யார் காரணம் என்பதற்கு விடையா அதைக் கொடுத்தேன். அவர் மேசையில ஏன் குவிஞ்சுது? நாங்க ஒரே டிக்கெட்ல ரெண்டாயிரம் வரி மாத்தி, விளக்கம்னு ஒரு வரி எழுதி அனுப்புவோம். அவர் ஒவ்வொண்ணையும் நோண்டிக் கண்டுபிடிக்கணும். எங்க செல்வாக்கு அவர் கம்பிக்குள்ள போய் சிவப்பா உட்கார்ந்திருந்துச்சு. அதை நான் வரையலை.

*

நியாயமா ரெண்டு ஆட்சேபம் வரும். நானே சொல்லிடறேன்.

ஒண்ணு: "ஆபீஸும் செல்லும் ஒண்ணா?" இல்லை. ஒவ்வொரு மெஷினும் மாறாத வேகத்துல ஓடுது, குவியல் எவ்வளவு இருந்தாலும் அதுக்குக் கவலை இல்லைன்னா, அங்கே நிஜமாவே ஒரு மெஷினுக்குச் செல்வாக்கு 1 வரலாம், மத்ததுக்கு 0. செல்வாக்கு பகிரப்படுவது, குவியல் முன்னோக்கித் தள்ளும்போதும் எதிர்த்துத் தள்ளும்போதும்தான். ஆனா மனுஷங்க எந்த வகை? குவிஞ்சா அண்ணாச்சி ராத்திரி பதினோரு மணி வரை உட்கார்ந்தார். அவர் லேட் ஆக்குறார்னு தெரிஞ்சதும் நாங்க இன்னும் பெரிய பெரிய டிக்கெட்டா அனுப்பினோம். மனுஷன் மெஷினைவிட நொதிக்குத்தான் பக்கம் என்பது என் கட்சி.

ரெண்டு: "அப்ப யாருமே காரணம் இல்லையா? எல்லாரும் தப்பிச்சுக்கலாமா?" அதுவும் இல்லை. பெரிய செல்வாக்குள்ள நொதிகளும் உண்டு. குளுக்கோகைனேஸ் அப்படி ஒண்ணு. அதன் ரெண்டு ஜீன்ல ஒண்ணு கெட்டாலே போதும், வெறும் வயிற்றுச் சர்க்கரை ஆயுள் முழுக்கக் கொஞ்சம் ஏறியே நிற்கும். பாதி நொதி போனாலும் தெரியாது என்ற கதை இங்கே செல்லாது. கணையம் சர்க்கரை எவ்வளவுன்னு மோப்பம் பிடிப்பதே இந்த நொதியை வச்சுத்தான். ஆக, ஒருத்தர் கையில நிறைய செல்வாக்கு இருக்கவும் செய்யலாம். ஆனா அது 1 சதவீதம் மாத்திப் பார்த்து, நிலைக்கு வரும்வரை காத்திருந்து, அளந்து சொல்ல வேண்டிய விடை. கம்பி உசரமா இருக்குன்னு சொல்றது இல்லை. ஒரு தடவை அளந்த எண்ணும் நிரந்தரம் இல்லை, அமைப்பு நகர்ந்தா எண்ணும் நகரும்.

இதுக்கு எவ்வளவு செலவாகியிருக்கும்? அண்ணாச்சிக்கு ரெண்டு வாரம் ஒரு ஆளை உதவிக்குக் கொடுத்திருக்கலாம். அடுத்த ரெண்டு வாரம் எங்க டிக்கெட்டைச் சின்னதாக்கியிருக்கலாம். எது ரிலீஸை அதிகம் அசைக்குதுன்னு பார்த்திருக்கலாம். ஒரு மாசம்! ஒரு மனுஷனோட வேலையைத் தீர்மானிக்க ஒரு மாசம் அதிகமா? எனக்கு அந்தக் கேள்வி தோணவே இல்லை. மெதுவான படின்னு ஒண்ணு இருக்கும், அதைப் பிடிச்சா போதும்னு ரெண்டு மார்க் கேள்வியில ஏறின நம்பிக்கை, பத்து வருஷம் கழிச்சு எக்செல் ஷீட்ல இறங்குச்சு.

பாடப்புத்தகத்துல ப்ளாக்மேன் இருக்கட்டும். பக்கத்துலயே அந்த ஆறு ரெசிஸ்டரையும் ஒரு பெட்டியில போட்டுக் கொடுத்தா பசங்க பொழைச்சுக்குவாங்க. அவங்கள்ல பாதிப் பேர் நாளைக்கு யாரோ ஒருத்தருக்கு ரேட்டிங் போடப் போறவங்க.

*

தங்கச்சி அசைன்மெண்ட்டைக் கொடுத்துட்டா. அந்த ஞாயித்துக்கிழமை நான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு. இப்ப வேற கம்பெனியில நல்லா இருக்கார். சார்ட் போட்டது நான்தான்னு சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

"அது எனக்கு அப்பவே தெரியும் தம்பி"ன்னார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் சொன்னார், "அந்தச் சார்ட்டைப் பார்த்துட்டு எனக்கே அப்படித்தான் தோணிச்சு. நாமதான் எல்லாத்தையும் கெடுக்கோம் போலன்னு. இங்க வந்தும் ஆறு மாசம் ஒரு ரிவ்யூ கூட நிம்மதியாப் பண்ணலை."

என்கிட்ட 0.5, 0.33, 0.09 எல்லாம் ரெடியா இருந்துச்சு. சொல்லத் தோணலை. "ஒரு நாள் வீட்டுக்கு வரலாமா அண்ணாச்சி?"ன்னு மட்டும் கேட்டேன். வரச் சொல்லியிருக்கார். பேப்பரும் பேனாவும் எடுத்துட்டுப் போறதா இருக்கேன்.

(பி.கு: உங்க ஆபீஸ்ல யாராவது சிவப்புக் கம்பியா நிக்கிறாங்களா? அந்தக் கம்பியில உங்க பங்கு எவ்வளவுன்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க. வகுத்தல் தெரிஞ்சா போதும் :-))